சுக்கான் வளர்ந்த வரலாறு

பேருந்து ஓட்டுநர் தம் கையிலுள்ள சக்கரத்தைச் சுழற்றியதும் வண்டி எப்படித் திரும்புகிறது என்பது உங்களுக்குத் தெரியும். முன்சக்கரங்கள் சாலையைப் பற்றிக்கொண்டு திரும்புகின்றன. வண்டியின் முன்பகுதி அவற்றுடன் செல்கிறது. பின்பகுதி முன்பகுதியைத் தொடர்கிறது. வண்டி ஊர்ந்து சென்றாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

இக்காலப் பாய்மரப் படகுகள் பலவற்றில் இதே போன்ற சக்கரம் ஒன்று இருக்கிறது. அடித்தளத்தில் ஒரு மோட்டாரும் இருக்கிறது. ஆகவே கார் ஓட்டத் தெரிந்த ஒருவர், படகைத் துறைமேடையில் கொண்டுபோய் நிறுத்துவது எளிய வேலைதான் என்று எண்ணக்கூடும். ஆனால் துறையை நெருங்கி வேகத்தைக் குறைத்ததும் படகு சக்கரத்தின் சொல்லைக் கேட்பதில்லை. பின்னோக்கிச் செலுத்தினாலோ, சக்கரத்தைத் தொடாமலிருக்கும்போதே அதன் பின்புறம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பரந்த கடலில் அடங்கி நடந்த படகு, இடமும் நேரமும் குறைவாக உள்ள துறையில் ஏன் அடம் பிடிக்கிறது? கப்பலைத் திருப்ப மனிதன் அமைத்துக்கொண்ட கருவிகளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

திருப்புவது எது?

முதலில் ஒரு சிறு சோதனை. ஓடும் வாய்க்கால் நீரில் ஒரு பலகையைச் செங்குத்தாக, நீரோட்டத்திற்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நீர் பலகையை ஒரு பக்கமாகத் தள்ளுவதைக் கை உணரும். அதே பலகையைக் குளத்து நீரில் அசையாமல் பிடித்தால், எவ்வளவு சாய்த்தாலும் ஒன்றும் நிகழாது. சுக்கான் என்பதும் இத்தகைய பலகையே. படகைத் திருப்பும் விசை, அப்பலகையின் மீது ஓடும் நீரிலிருந்து வருகிறது. அவ்விசை நீரின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்குதான். துறையருகே மெதுவாகச் செல்லும் படகு கைக்கு அடங்காமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் சுக்கான் இருக்கும் இடம். கலத்தின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் நம் கடற்கரை மக்கள் கூறுவர். சுக்கான் இருப்பது அமரத்தில். எனவே அது அணியத்தை இழுத்துத் திருப்புவதில்லை. அமரத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. முன்னோக்கிச் செல்லும் படகு, அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புவதுபோல் இருக்கும். அணியம் வலப்புறம் சிறிது செல்லும்போது அமரம் இடப்புறம் பெரிதாக வீசி விலகும். துறைமேடையை ஒட்டி நிற்கும் படகை, கார்போல் எண்ணிச் சக்கரத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு கிளப்பினால், அமரம் மேடையில் போய் இடிக்கும்.

துடுப்புக் காலம்

மனிதன் கலத்தைத் திருப்பிய முதற்கருவி துடுப்பு. பண்டை எகிப்தியரின் ஓவியங்களில், நைல் நதிக் கலங்களின் பின்புறத்தில் ஆட்கள் நீண்ட துடுப்புகளைப் பிடித்து நிற்பதைக் காணலாம். ரோமானியரின் கப்பல்களில் பின்பகுதியின் இரு பக்கங்களிலும் பெரிய திருப்புத் துடுப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. நம் கட்டுமரக்காரர்களும் வலிக்கும் துடுப்பாலேயே திருப்பவும் செய்தார்கள்.

துடுப்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கலம் அசையாமல் நிற்கும்போதும், கையில் பிடித்த துடுப்பை நீரில் வலித்து அமரத்தை வேண்டிய பக்கம் தள்ளலாம். நீர் ஓடாவிட்டால் என்ன? துடுப்பே ஓடுகிறது! இந்தத் திறமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மனிதன் இதனை இழந்து, பல நூற்றாண்டுகள் கழித்துப் பாதி மட்டும் திரும்பப் பெற்றான்.

வடஐரோப்பாவின் வைக்கிங் மாலுமிகள் திருப்புத் துடுப்பைக் கலத்தின் வலப்புறத்தில் நிலையாகப் பொருத்தினார்கள். திருப்பும் பக்கம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்தே வலப்புறத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. வலப்புறத்தைக் கரையோடு ஒட்டினால் துடுப்பு நசுங்கும். ஆகையால் இடப்புறத்தையே துறைக்கு ஒட்டி நிறுத்திச் சரக்கு ஏற்றினார்கள். அந்தப் பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்ற பெயர் வழங்கியது. இரு சொற்களும் புயலின் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்டதால், 1844-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்ட்' என்பதைக் கைவிட்டு 'போர்ட்' என்ற சொல்லை ஏற்றது.

நார்வேயில் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் 1880-ஆம் ஆண்டில் ஒரு வைக்கிங் கப்பல் தோண்டியெடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 23 மீட்டர். அதைப் பார்த்துச் செய்த 'வைக்கிங்' என்ற கப்பலில் மாக்னஸ் ஆண்டர்சன் என்ற தலைவரும் அவருடைய குழுவினரும் 1893-ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து, சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்றார்கள். அதன் பக்கச் சுக்கான் மிக நன்றாக வேலை செய்தது என்று ஆண்டர்சன் பாராட்டினார்.

அமரத்துக்கு வந்த சுக்கான்

பக்கத்திலிருக்கும் துடுப்புக்கு ஒரு குறை உண்டு. காற்றில் கலம் மறுபக்கம் சாயும்போது துடுப்பு நீரைவிட்டு மேலே வரும். கலத்தின் நடுக்கோட்டில், அமரத்தில் அதை வைத்தால் இந்தக் குறை இல்லை. இவ்வகையில் முந்திக்கொண்டவர்கள் சீனர்கள். குவாங்சௌ நகரில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஹான் காலக் கல்லறையில் கிடைத்த சுட்டமண் படகுப் பொம்மையில், சுக்கான் பின்புறத்தின் நடுவே அமைந்திருக்கிறது. ஐரோப்பாவில் 1180-ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பட்ட தேவாலயத் திருமுழுக்குத் தொட்டிகளில் இத்தகைய சுக்கானைக் காணலாம். பெல்ஜியத்தின் ஸெடல்கெம், இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆகிய ஊர்களில் அத்தொட்டிகள் உள்ளன. எல்பிங் நகரின் 1242-ஆம் ஆண்டு முத்திரையிலும் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். அரபு மாலுமிகளும் பின்புறச் சுக்கானைப் பயன்படுத்தினார்கள். நாம் வழங்கும் 'சுக்கான்' என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து வந்ததுதான்.

கீல்கள் கொண்டு அமரத்தில் மாட்டிய சுக்கானால் மிகப் பெரிய கப்பல்களையும் திருப்ப முடிந்தது. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. அது வலிக்கப்படும் துடுப்பன்று. கப்பல் ஓடினால்தான் அதற்கு உயிர். கப்பல் நின்றால் அது வெறும் பலகை.

தடியிலிருந்து சக்கரம்

சுக்கானின் தலையில் ஒரு நீண்ட தடியைச் செருகி, அதைத் தள்ளித் திருப்புவதே தொடக்கமுறை. தடியை வலப்புறம் தள்ளினால் சுக்கான் பலகை இடப்புறம் செல்லும். கப்பலும் இடப்புறம் திரும்பும். கப்பல்கள் உயர்ந்து பல தளங்களைப் பெற்றபோது, தடி கீழ்த்தளத்துக்குள் மறைந்துவிட்டது. மேலே நிற்பவர் அதை எட்டுவதற்காகச் செங்குத்தான நெம்புதடி ஒன்றைச் சேர்த்தார்கள். 1628-ஆம் ஆண்டில் முதற்பயணத்திலேயே மூழ்கி, 1961-ஆம் ஆண்டில் வெளியே எடுக்கப்பட்ட சுவீடனின் 'வாசா' கப்பலில் இந்த அமைப்பைக் காணலாம். இதனால் சுக்கானைச் சில பாகைகளே திருப்ப முடிந்தது. மற்றபடி பாய்களைக் கூட்டியும் குறைத்தும்தான் கப்பலைத் திருப்பினார்கள்.

1700-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் கப்பல்களில் சக்கரம் தோன்றியது. சக்கரத்தின் அச்சில் ஓர் உருளை; உருளையில் சுற்றிய கயிறு கப்பிகள் வழியாகக் கீழே சென்று தடியை இருபுறமும் இழுக்கும். சிறு விசையால் பெரிய சுக்கானை முழு அளவுக்குத் திருப்ப இது வழி செய்தது. மோட்டார் வண்டிகள் சக்கரத்தைக் கடன் வாங்கியது மிகவும் பிற்பாடுதான். தொடக்ககால வண்டிகளில் படகைப்போல் தடியே இருந்தது. 1894-ஆம் ஆண்டில் பாரிஸ்-ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தம் வண்டியில் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார்.

சக்கரம் கையின் வேலையைக் குறைத்தது. ஆனால் ஓடாத கப்பலைத் திருப்பும் வல்லமையை அது தரவில்லை. பாய்மரக் கப்பல்கள் துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆட்கள் துடுப்புப் படகுகளில் கயிறு கட்டி அவற்றை இழுத்துச் செல்வதே வழக்கமாக இருந்தது. அல்லது நங்கூரத்தைப் படகில் முன்னே கொண்டுபோய்ப் போட்டு, கப்பலிலிருந்து அதன் கயிற்றைச் சுற்றி இழுத்துச் சிறிது சிறிதாக நகர்ந்தார்கள். 1803-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வில்லியம் சைமிங்டன் அமைத்த 'சார்லட் டண்டாஸ்' என்ற நீராவிப் படகு, 70 டன் படகுகள் இரண்டை ஸ்காட்லாந்துக் கால்வாயில் எதிர்க்காற்றில் சுமார் 30 கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. அதன்பின் இழுவைக் கப்பல்கள் இவ்வேலையை மேற்கொண்டன.

புரொப்பெல்லரின் வருகை

1836-ஆம் ஆண்டில் ஆறு வார இடைவெளியில் இருவர் புரொப்பெல்லருக்குக் காப்புரிமை பெற்றனர். ஒருவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கில விவசாயி. மற்றவர் ஜான் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். ஸ்மித்தின் முதல் புரொப்பெல்லர், இரண்டு முழுச்சுற்று கொண்ட நீண்ட மரத்திருகு. 1837-ஆம் ஆண்டில் லண்டனில் கால்வாய்ச் சோதனையின்போது அதில் பாதி உடைந்து விழுந்தது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது! 1845-ஆம் ஆண்டு ஏப்ரலில் புரொப்பெல்லர் கொண்ட 'ராட்லர்', பக்கச் சக்கரம் கொண்ட 'அலெக்டோ' என்ற இரு போர்க்கப்பல்களையும் பின்புறத்தோடு பின்புறமாகக் கட்டி எதிரெதிராக ஓட்டினார்கள். 'ராட்லர்' மற்றதை மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

கப்பலைத் திருப்பும் கலையில் புரொப்பெல்லர் ஒரு புதுமையைக் கொண்டுவந்தது. அது சுக்கானுக்குச் சற்று முன்னே சுழன்று, வேகமான நீர்த்தாரையைப் பின்னோக்கிச் சுக்கான் மீதே வீசுகிறது. கப்பல் அசையாமல் நின்றாலும் சுக்கான்மீது நீர் ஓடுகிறது. பழைய துடுப்பின் திறமை இவ்வாறு திரும்பக் கிடைத்தது. சக்கரத்தை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிவிட்டு, மோட்டாரை ஓரிரு நொடிகள் முன்னோக்கி முடுக்கினால், படகு அதிகம் நகர்வதற்கு முன்பே அமரம் பக்கவாட்டில் வீசித் திரும்பும்.

ஆனால் பின்னோக்கிச் சுழற்றினால்? நீர்த்தாரை இப்போது முன்பக்கமாக, படகின் அடிப்பகுதியை நோக்கிப் பாய்கிறது. சுக்கானுக்கு அதில் பங்கில்லை. மேலும், அத்தாரை படகின் ஒரு பக்கத்தில் அதிகமாக மோதுவதாலும், சுழலும் அச்சு சாய்வாக இருப்பதாலும் அமரம் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது. முன்னோக்கிச் செல்லும்போது, பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் புரொப்பெல்லர், பின்னோக்கிச் சுழலும்போது அமரத்தை இடப்புறம் இழுக்கும்.

ரெனால்ட்ஸ் கண்ட உண்மை

இது படகின் சிறு குறும்பு என்று விட்டுவிட முடியாது. உயிர்களைப் பற்றிய செய்தியாகவும் இருந்தது. 1863-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல் விதிகளின்படி, மோதல் அபாயம் நேரும்போது நீராவிக் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். தேவையானால் நின்று பின்னோக்கிச் செலுத்த வேண்டும். அதிகாரி விதியை மதித்து, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கச் சொல்வார். கூடவே சுக்கானையும் திருப்பச் சொல்வார். கப்பலோ எதிர்பார்த்த பக்கம் திரும்பாது. குற்றம் சுக்கான் பிடித்தவர் மீது விழும்.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதனை ஆராய்ந்தார். குழாயில் நீர் ஓடும் முறையைப் பற்றி 1883-ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனைகளால், 'ரெனால்ட்ஸ் எண்' என்று உங்கள் பாடநூல்களில் இடம்பெற்றிருப்பவர் இவரே. முதலில் சிறிய மாதிரிக் கப்பல்களைக் கொண்டு சோதித்து, 1875-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனும் அதில் இருந்தார். உண்மையான கப்பல்களிலும் சோதனைகள் நடந்தன. கப்பல் இன்னும் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது புரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றினால், சுக்கான் வழக்கமான பயனைத் தருவதில்லை. சில சமயம் கப்பல் நேர் எதிர்ப்பக்கமாகவே திரும்பும். இதுவே அவர்கள் கண்ட முடிவு. நிறுத்துவதும் திருப்புவதும் ஒரே நேரத்தில் முழு அளவில் கிடைக்கா என்பதை மாலுமிகள் கற்க வேண்டியிருந்தது.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 'டைட்டானிக்' பனிப்பாறையைக் கண்டபோது, முதல் அதிகாரி மர்டாக் இட்ட ஆணை 'ஹார்ட் எ ஸ்டார்போர்ட்'. ஆணையின் சொல் வலப்புறம். ஆனால் சக்கரம் சுழன்றதும் கப்பல் திரும்பியதும் இடப்புறம்! பழைய தடி மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகியும், ஆணைகள் தடி செல்லும் பக்கத்தையே குறித்து வந்தன. அக்கப்பலுக்கு மூன்று புரொப்பெல்லர்கள் இருந்தன. சுக்கானுக்கு நேர் முன்னே இருந்த நடுப் புரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி இல்லை. பின்னோக்கி ஆணையிட்டால் அது நின்றுவிடும். சுக்கானுக்கு வரும் நீர்த்தாரையும் நின்றுவிடும். அன்றிரவு இயந்திரங்களுக்கு இடப்பட்ட ஆணை பற்றிச் சாட்சிகள் வெவ்வேறாகக் கூறினர். ஆகவே அழிவுக்கு இதையே காரணமாகச் சொல்ல இயலாது. எனினும் ரெனால்ட்ஸின் பாடம் எத்தகைய நேரத்துக்கு உரியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆணைச் சொற்களின் குழப்பத்தை 1929-ஆம் ஆண்டின் லண்டன் கடற்பாதுகாப்பு மாநாடு தீர்த்தது. கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. பிரிட்டனில் 1933-ஆம் ஆண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது.

கையின் அறிவு

பெரிய கப்பல்களில் புயலின்போது சக்கரத்தைப் பிடிக்கப் பலர் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. மக்ஃபார்லேன் கிரே என்பவர் 1866-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற நீராவித் திருப்புப்பொறி, 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பலில் பொருத்தப்பட்டது. சக்கரத்தைச் சுழற்றியதும் நீராவி சுக்கானைத் திருப்பும். சக்கரம் காட்டிய அளவுக்குச் சுக்கான் வந்ததும் நீராவி தானே அடைபடும்.

அடுத்து, மனிதனின் கையே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கலஸ் மினோர்ஸ்கி, தேர்ந்த சுக்கானிகள் கப்பலைச் செலுத்தும் முறையைக் கவனித்து, 1922-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நல்ல சுக்கானி சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும், விலக்கம் நெடுநேரம் நீடிக்கிறதா என்பதையும் சேர்த்துக் கணிக்கிறார். இந்த மூன்றையும் மினோர்ஸ்கி சமன்பாடாக்கினார். இன்று ஆலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் தானியங்கிக் கருவிகள் பல இந்த முறையிலேயே இயங்குகின்றன.

துறையில் பயிற்சி

இனி, சக்கரத்தின்முன் நீங்களே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நாளே துறைக்குச் செல்லாதீர்கள். அருகில் எதுவும் இல்லாத நீர்ப்பரப்பில் படகை நிறுத்தி, சுக்கானை நேராக வைத்து, மோட்டாரைப் பின்னோக்கி இயக்குங்கள். அமரம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பாருங்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த வேகத்தில் சுக்கான் செயலிழக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். காற்று பக்கவாட்டில் வீசினால் அணியமே முதலில் ஒதுங்கும் என்பதையும் கவனியுங்கள்.

அமரம் இடப்புறம் ஒதுங்கும் படகானால், துறைமேடை உங்கள் இடப்புறம் அமையுமாறு, சற்றுச் சாய்வாக, காற்றை எதிர்த்து மெதுவாக வாருங்கள். கயிறுகளும், படகுக்கும் மேடைக்கும் இடையே தொங்கவிடும் இடிதாங்கிகளும் முன்னதாகவே தயாராக இருக்கட்டும். மேடையை நெருங்கும்போது சக்கரத்தை வலப்புறம் திருப்பி, ஒரு நொடி முன்னோக்கி முடுக்கினால் அணியம் மேடையை விட்டு விலகத் தொடங்கும்; அமரம் உள்ளே வரும். உடனே பின்னோக்கி இயக்குங்கள். படகு நிற்கும், அதே நேரத்தில் புரொப்பெல்லரின் இழுப்பு அமரத்தை மேடையோடு சேர்க்கும். சற்றுமுன் குறும்பாகத் தோன்றியதே இப்போது உதவியாகிவிட்டது. வைக்கிங் மாலுமிகள் துடுப்பைக் காக்க இடப்புறத்தைக் கரைக்குக் காட்டினார்கள். நீங்கள் புரொப்பெல்லரின் இயல்பைக் கருதி அதையே செய்கிறீர்கள்.

பக்கவாட்டில் தள்ளும் துணை விசிறிகளை அணியத்தில் பொருத்திய படகுகள் இன்று உண்டு. 1950-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவான, முழு வட்டமும் திரும்பக்கூடிய புரொப்பெல்லர்கள் இழுவைக் கப்பல்களை நின்ற இடத்திலேயே சுழலச் செய்கின்றன. பழைய துடுப்பின் திறமையை முழுமையாக மீட்ட கருவி இதுவே. ஆயினும் பெரும்பாலான படகுகளில் இன்றும் இருப்பது ஒரு புரொப்பெல்லர், ஒரு சுக்கான், ஒரு சக்கரம் மட்டுமே. அவற்றோடு துறைக்குள் நுழையும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நொடியில் என் சுக்கான்மீது நீர் ஓடுகிறதா? ஓடினால் சக்கரத்தை நம்புங்கள். ஓடாவிட்டால், சக்கரத்தை விட்டுவிட்டுக் காற்றையும் கயிற்றையும் புரொப்பெல்லரின் இழுப்பையும் எண்ணிப் பாருங்கள்.